முதல் ட்ரையத்லானுக்கு எதை வாங்கலாம், எதைத் தள்ளிப்போடலாம்?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நடுவில் ஓய்வில்லாமல் அடுத்தடுத்து முடிப்பதுதான் ட்ரையத்லான். முதல் தடவை என்றால் ஸ்பிரிண்ட் பிரிவில் பேர் கொடுங்கள்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரம் இதைப்போல இரண்டு மடங்கு, அது அப்புறம்.

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் ஆசையோடு விசாரிக்கும் பலர், லட்ச ரூபாய் சைக்கிள்களின் படத்தைப் பார்த்து அதோடு பின்வாங்கிவிடுகிறார்கள். அந்தச் செலவு உங்களுக்கு வேண்டியதில்லை. எது உடம்பில் படுகிறதோ அதற்குக் காசு போடுங்கள். கண்ணாடி, ஹெல்மெட், சீட், ஷூ என்று அந்தப் பட்டியல் சின்னதுதான்.

முதலில் நீச்சல் கண்ணாடி

நம் பக்கம் விவசாயக் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் நிறைய. அவர்களுக்குத் தண்ணீர் பயம் கிடையாது. ஆனால் தலையைத் தூக்கிக்கொண்டே நீந்துவார்கள். அப்படி நீந்தினால் இடுப்பு தாழ்ந்து, 750 மீட்டருக்குள் கழுத்தும் தோளும் ஓய்ந்துவிடும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து நீந்தப் பழக, கசியாத கண்ணாடி வேண்டும்.

கடையில் பட்டையை மாட்டாமல், கண்ணாடியை மட்டும் கண்குழியில் வைத்து லேசாக அழுத்திக் கையை எடுங்கள். ஓரிரு விநாடி தானாக ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கு ஏற்றது. உடனே விழுந்தால் வேறு மாடல் பாருங்கள். பட்டையை இறுக்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், வலிதான் மிஞ்சும். உள்பக்கத்தை விரலால் தேய்த்தால் பனி படியாமல் காக்கும் பூச்சு போய்விடும்.

வெட்சூட், அதாவது குளிர்ந்த நீரில் உடம்புச் சூட்டைக் காக்கப் போடும் ரப்பர் உடுப்பு, வேண்டாம். சர்வதேச விதிப்படி 1,500 மீட்டர் வரையிலான நீச்சலில் தண்ணீர் 22 டிகிரிக்கு மேல் இருந்தால், வயதுப் பிரிவில் போட்டியிடும் நம்மைப் போன்ற சாதாரணப் போட்டியாளர்கள் அதைப் போடவே கூடாது. நம் ஊர் வெப்பத்துக்கு அது பெட்டியில்தான் கிடக்கும்.

பழகும் இடம் நீச்சல் குளமாக இருக்கட்டும். கிருஷ்ணகிரி அணையிலோ ஒகேனக்கல்லிலோ தனியாக இறங்காதீர்கள். அணையில் மதகு திறந்தால் இழுப்பு மாறிவிடும். ஒகேனக்கல்லில் பாறைச் சுழலோடு முதலையும் உண்டு. அனுமதி உள்ள ஏரியில் துணையோடு பழகுவதாக இருந்தால், இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஆரஞ்சு நிற மிதவைப் பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சைக்கிள்: இருப்பதைச் சரி செய்யுங்கள்

வீட்டில் கியர் சைக்கிளோ, ரோடு சைக்கிளும் மலை சைக்கிளும் கலந்த ஹைபிரிட்டோ இருந்தால் அதுவே போதும். எம்டிபி என்கிற மலை சைக்கிள் இருந்தாலும் சரி, பட்டன் வைத்த டயரைக் கழற்றிவிட்டு அதே சக்கர அளவில் வழுவழுப்பான, குறுகலான டயர் மாட்டுங்கள். குறைந்த செலவில் வேகம் கூட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அப்புறம் சீட் உயரம். சுவரைப் பிடித்தபடி சைக்கிளில் உட்கார்ந்து, பெடலை அடிவரை இறக்கிக் குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதி பெடலில் இருக்கும், அதனால் முழங்கால் லேசாக மடங்கி நிற்கும். அதுதான் சரியான உயரம். சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டுபவர்களுக்குத்தான் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது.

ஹெல்மெட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். உள்ளே இஎன் 1078 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் அது உட்கார வேண்டும்; பட்டைகள் காதுக்குக் கீழே ‘வி’ மாதிரி சேர வேண்டும். போட்டியில் ஹெல்மெட்டைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுக்கலாம், திரும்ப வைத்த பிறகுதான் பூட்டைக் கழற்றலாம். வீட்டிலேயே அந்த வரிசையில் பழகிவிடுங்கள்.

நம் மாவட்டங்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது பஞ்சர். கிராமத்து ரோட்டோரம் நெருஞ்சி முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் கொட்டிக் கிடக்கும். உதிரி டியூப் இரண்டு, டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோல், கையடக்கப் பம்ப் மூன்றும் எப்போதும் சைக்கிளில் இருக்கட்டும். புது டியூப் போடுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தைச் சுற்றிலும் விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஒடிந்த முள் நுனி ரப்பருக்குள் ஒளிந்திருக்கும்; அதை எடுக்காவிட்டால் அடுத்த டியூபும் போச்சு. ரோடு சைக்கிளின் ஒல்லியான பிரெஸ்டா வால்வில் பஞ்சர் கடைக் காற்றுக்குழாய் பொருந்தாது. அதற்கென்று சின்னப் பித்தளை அடாப்டர் விற்கிறார்கள். இரண்டு வாங்கி ஒன்றை வால்விலேயே திருகி வைத்துவிடுங்கள்.

நான்குவழிச் சாலையில் பழகாதீர்கள், அதிலும் தொப்பூர் கணவாய் வேண்டவே வேண்டாம். இறக்கத்தில் பாரம் ஏற்றிய லாரிகளோடு போட்டி போடும் இடமில்லை அது. அதிகாலையில் உள்ளூர் ரோடு, பின்னால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளீட் ஷூவை இந்த வருடம் விட்டுவிடலாம். ஓடும் ஷூவிலேயே ஓட்டினால் மாற்றும் நேரமும் மிச்சம்.

ஓடும் ஷூவும் உடுப்பும்

ஷூ வாங்கச் சாயங்காலம் போங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இழுத்தால் நீளும் எலாஸ்டிக் லேஸ் மாட்டினால், ஈரக்காலோடு முடிச்சுப் போட்டுத் திண்டாட வேண்டாம். உடுப்பில் பருத்தி ஆகாது. தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், தொடையும் உரசும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ட்ரை சூட் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் இறுக்கமான நீச்சல் ஷார்ட்ஸில் நீந்தி, மேலே பனியன் துணியில்லாத டிஷர்ட் மாட்டிக்கொள்ளுங்கள். சைக்கிளிலும் ஓட்டத்திலும் வெற்று மேலுடம்போடு போகக் கூடாது. இயர்போனுக்கும் தடை.

போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் ஒத்திகை

வாசலில் துண்டு ஒன்றை விரித்து ஹெல்மெட், ஷூ, சாக்ஸ், எண் கட்டும் பெல்ட், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் எடுக்கும் வரிசையில் வையுங்கள். ஒரு வாளித் தண்ணீரை உடம்பில் ஊற்றிக்கொண்டு, அதே ஈரத்தோடு ஹெல்மெட் பூட்டி, ஷூ மாட்டி, அரை மணி நேரம் சைக்கிள் ஓட்டி வந்து அப்படியே பத்து நிமிடம் ஓடுங்கள். எங்கே உரசுகிறது, எந்தப் பட்டை வழுக்குகிறது என்பது அன்றே தெரிந்துவிடும். அதை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். கூடவே ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். விதிப்படி அது அடைபட்டிருக்க வேண்டும், அந்த மூடி எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும்.