சாப்பாடு நெஞ்சுல நிக்குதா? உணவுக்குழாய்க்கு வந்திருக்கற புது சிகிச்சைய சரியா தேடிப் போறது எப்படி

சாப்பிட்டா நெஞ்சுல அடைக்குது, எரியுதுன்னு போய் சொன்னா முக்காவாசி பேருக்கு முதல்ல கிடைக்கறது ஒரு கேஸ் மாத்திரை, அடுத்த தடவை அதே மாத்திரை டோஸ் ஏத்தி, அதுக்கப்புறம் "டென்ஷன குறைங்க"ன்னு ஒரு அட்வைஸ். ஆனா கடந்த பத்து பதினஞ்சு வருஷத்துல இந்த வைத்தியமே மாறிப் போச்சுங்க, வயித்த கிழிக்காம வாய் வழியாவே போய் தசைய வெட்டி விடறாங்க, வாரம் ஒரு ஊசி வந்திருக்கு, ஆசிட் மாத்திரையிலயே வேற ரகம் வந்திருக்கு. சிக்கல் என்னன்னா ஒவ்வொண்ணும் ஒரு குறிப்பிட்ட வியாதிக்குத்தான் வேலை செய்யும், அதனால எந்த சிகிச்சை புதுசுன்னு தேடறதுக்கு முன்னாடி எந்த டெஸ்ட் இன்னும் எடுக்கலன்னு பாருங்க.

முதல்ல ஒரு பேப்பர்ல எழுதி வைங்க, அடைக்கறது கெட்டியான சாப்பாடு மட்டுமா, தண்ணியும் சேர்த்தா? ஆரம்பத்துல இருந்தே ரெண்டும் அடைச்சா குழாயோட தசை இயக்கத்துல கோளாறு இருக்கலாம். முதல்ல கெட்டி சாப்பாடு, போகப் போக கஞ்சி, அப்புறம் தண்ணின்னு வளர்ந்துகிட்டே போனா குழாய் சுருங்குது, இல்ல உள்ள ஏதோ வளருது, இதுல ஒரு நாள் கூட தள்ளிப் போடாதீங்க. எடை தானா குறையறது, ரத்த வாந்தி, கருப்பா மலம் போறது, ரத்த சோகை, இதுல எது இருந்தாலும் மாத்திரை போட்டு பார்க்கலாம்ங்கற பேச்சே வேண்டாம், நேரா எண்டோஸ்கோபி. சாப்பாடு மாட்டி எச்சில் கூட முழுங்க முடியலன்னா அது எமர்ஜென்சி, அன்னிக்கே ஆஸ்பத்திரி.

எண்டோஸ்கோபி நார்மல்னு ரிப்போர்ட் வந்தா ஒண்ணுமில்லன்னு அர்த்தம் கிடையாது. இத நான் அழுத்தி சொல்றேன், ஏன்னா பாதி பேர் இங்கதான் தொலைஞ்சு போறாங்க. ஈசினோஃபிலிக் ஈசோஃபஜைட்டிஸ்னு ஒண்ணு இருக்கு, அலர்ஜி சம்பந்தப்பட்ட அழற்சி, ஆஸ்துமா, மூக்கு அலர்ஜி இருக்கற இளவட்டத்துல அதிகமா பார்க்கலாம், கண்ணால பார்த்தா குழாய் சாதாரணமா கூட தெரியும், பயாப்சியிலதான், அதாவது சின்னதா சதைத் துண்டு எடுத்து சோதிச்சாத்தான் பிடிபடும். அதனால உள்ள போறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுடுங்க, "பார்க்க நார்மலா இருந்தாலும் பயாப்சி எடுப்பீங்களா"ன்னு. மேல, கீழன்னு வேற வேற இடத்துல குறைஞ்சது 6 துண்டு எடுக்கணும், ஏன்னா இந்த அழற்சி திட்டுத் திட்டாத்தான் இருக்கும். மைக்ரோஸ்கோப்ல ஒரு பார்வைப் பரப்புல 15 ஈசினோஃபில் செல்லோ (அலர்ஜில கூடற ஒரு வகை வெள்ளை அணு) அதுக்கு மேலயோ இருந்தா இந்த வியாதின்னு சந்தேகப்படறாங்க, மத்த காரணங்கள கழிச்சுட்டு உறுதி பண்றாங்க.

இதுக்கு முன்னாடியெல்லாம் ஆஸ்துமா ஸ்ப்ரேய வாயில அடிச்சு முழுங்க சொல்வாங்க, இப்பவும் சில இடத்துல அதான் நடக்குது. இப்ப உணவுக்குழாய்க்குன்னே செஞ்ச புடெசோனைடுங்கற ஸ்டீராய்டு மருந்து இருக்கு, ஐரோப்பால 2018லயே நாக்குல கரையற மாத்திரை, அமெரிக்கால 2024ல குடிக்கற மருந்து. இந்த மாத்திரைய தண்ணி ஊத்தி முழுங்கினா வேஸ்ட், நாக்கு நுனில வச்சு மேலண்ணத்துல மெல்ல அழுத்திகிட்டு எச்சிலோட கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும், மருந்து குழாயோட சுவத்துலயே படணும்ங்கறதுதான் விஷயம், அதுக்கப்புறம் அரை மணி நேரம் சாப்பாடு, தண்ணி, பல் தேய்க்கறது எதுவும் கூடாது. இதுலயும் அடங்கலன்னா டுபிலுமாப் ஊசி, 2022 மே மாசம் அமெரிக்கால 12 வயசுக்கு மேல அனுமதி கொடுத்தாங்க, 2024ல ஒரு வயசு குழந்தை வரைக்கும், எடை 15 கிலோ இருக்கணும். மருந்தே வேண்டாம்னா சாப்பாட்ட மாத்திப் பார்க்கலாம், ஆறு வகை உணவ நிறுத்தறதுக்கும் பால் ஒண்ண மட்டும் நிறுத்தறதுக்கும் பெரியவங்ககிட்ட பெருசா வித்தியாசம் இல்லன்னு 2023ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதனால பால்ல இருந்து ஆரம்பிக்கறது புத்திசாலித்தனம். எந்த வழில போனாலும் மறுபடி எண்டோஸ்கோபி, பயாப்சி பண்ணித்தான் ஆறிடுச்சான்னு தெரியும், அடைப்பு போயிடுச்சேன்னு விட்டுடாதீங்க.

பயாப்சியும் நார்மல், தண்ணியும் அடைக்குது, படுத்தா சாப்பிட்டது அப்படியே வாய்க்கு வருதுன்னா அடுத்து ஹை ரெசல்யூஷன் மானோமெட்ரி கேளுங்க, குழாயோட தசை எவ்வளவு அழுத்தம் கொடுக்குதுன்னு அளக்கற டெஸ்ட். மூக்கு வழியா மெல்லிசா ஒரு ட்யூப் விட்டு, அஞ்சு மில்லி தண்ணிய ஒவ்வொரு வாயா முழுங்க சொல்வாங்க, ட்யூப் இறங்கற அந்த அரை நிமிஷம் குமட்டும், கண்ணுல தண்ணி வரும், அதுக்கப்புறம் சமாளிச்சுடலாம். அகலேசியாவான்னு இதுலதான் உறுதியாகும், அதாவது குழாயோட கீழ் வாசல் முழுங்கும்போது திறக்காம இறுகியே நிக்கறது. அதுல மூணு டைப் இருக்கு, உங்களுக்கு எந்த டைப்னு கேட்டு வாங்குங்க, சிகிச்சைய முடிவு பண்றதே அதான்.

இதுக்கு பலூன் விரிக்கறது, லேப்ராஸ்கோப்பி ஹெல்லர் ஆபரேஷன் (வயித்துல சின்ன ஓட்டை போட்டு அந்த தசைய வெட்டறது), அப்புறம் போயெம்னு மூணு வழி இருக்கு. போயெம்ங்கறது ஜப்பான்ல டாக்டர் ஹருஹிரோ இனோவே 2008ல முதல் முதலா மனுஷங்களுக்கு செஞ்சது, குழாயோட உள் தோல்ல சின்னதா கீறி, தோலுக்கும் தசைக்கும் நடுவுல சுரங்கம் மாதிரி போய் இறுகின தசைய வெட்டிட்டு, வெளிய வரும்போது கிளிப் போட்டு மூடிடுவாங்க, வெளிய ஒரு தழும்பு கிடையாது. 2019ல வந்த ஆய்வுல ரெண்டு வருஷம் கழிச்சு போயெம்ல 83 சதவீதம் பேருக்கும் ஹெல்லர்ல 82 சதவீதம் பேருக்கும் பலன் இருந்துச்சு, கிட்டத்தட்ட சமம். ஆனா போயெம் பண்ணவங்களுக்கு ஆசிட் மேல ஏறறது அதிகம், விளம்பரத்துல இத சொல்ல மாட்டாங்க, நீங்கதான் கேக்கணும். மூணாவது டைப்புக்கு வெட்ட வேண்டிய தசை நீளம் அதிகம், அதுக்கு போயெம்தான் வசதின்னு பொதுவா சொல்றாங்க.

வெறும் நெஞ்செரிச்சல்னா வாங்கின மாத்திரைய சரியா போடறீங்களான்னு முதல்ல பாருங்க. ஓமெப்ரசோல், பான்டோபிரசோல் வகையெல்லாம் சாப்பிடறதுக்கு 30லிருந்து 60 நிமிஷம் முன்னாடி போடணும், படுக்கும்போது வெறுமனே ஒண்ண போட்டுட்டு கேக்கலன்னு சொன்னா மாத்திரை மேல தப்பு இல்ல. வோனோபிரசான்ங்கற புது ரகத்துக்கு சாப்பாட்டு நேரம் பார்க்க வேண்டாம், வேகமாவும் கேக்கும், ஜப்பான்ல 2014 கடைசிலயும் அமெரிக்கால 2023லயும் அனுமதி கிடைச்சது, புண்ணு பலமா இருக்கறவங்களுக்குத்தான் இது நல்லா கை கொடுக்குது. ரெண்டு மாசம் ஒழுங்கா போட்டும் எரியுது, எண்டோஸ்கோபியிலயும் புண்ணு இல்லன்னா மாத்திரைய நிறுத்திட்டு பி.எச். டெஸ்ட் எடுங்க, குழாய்ல எவ்வளவு நேரம் ஆசிட் இருக்குன்னு அளக்கறது, ஒரு நாள்ல 6 சதவீதத்துக்கு மேல நேரம் ஆசிட் இருந்தா அது உறுதியா ரிஃப்ளக்ஸ்தான், அதாவது ஆசிட் மேல ஏறறது. இந்த டெஸ்ட் எடுக்காம ஆசிட் ஏறாம தடுக்க காந்த வளையம், வால்வு ஆபரேஷன்னு யாராவது பேசினா எழுந்து வந்துடுங்க.

பேரட்ஸ்னு (ஆசிட் பட்டுப் பட்டு குழாயோட உள் தோல் மாறிப் போறது) ரிப்போர்ட்ல இருந்தா பயந்துடாதீங்க, ஆனா டிஸ்பிளேசியா, அதாவது கேன்சருக்கு முந்தின செல் மாற்றம் இருக்கான்னு கேளுங்க. இல்லன்னா சில வருஷத்துக்கு ஒரு தடவை எண்டோஸ்கோபி போதும், இருந்தா ரேடியோ அலைல சுட்டு எடுத்துடலாம், தோல் அளவுல நிக்கற ஆரம்ப கேன்சரையே எண்டோஸ்கோப்பால உரிச்சு எடுக்கறாங்க.

முத்தின கேன்சர்லயும் நிலைமை முன்ன மாதிரி இல்ல. கீமோ, ரேடியேஷன் முடிச்சு ஆபரேஷன் பண்ணி, எடுத்த திசுல இன்னும் கேன்சர் மிச்சம் இருந்தா உடம்போட எதிர்ப்பு சக்திய தூண்டி விடற நிவோலுமாப் மருந்து கொடுக்கறாங்க, 2021ல வந்த ஆய்வுல வியாதி திரும்பாம இருந்த காலம் 11 மாசத்துல இருந்து 22 மாசம் ஆச்சு. அடினோகார்சினோமா (சுரப்பி செல்லுல வர்ற கேன்சர்) வகைக்கு ஆபரேஷனுக்கு முன்னயும் பின்னயும் ஃப்ளாட்ங்கற நாலு மருந்து கீமோ கொடுக்கறது, ரேடியேஷன் சேர்ந்த பழைய முறைய விட நல்லா இருக்குன்னு ஜெர்மனி ஆய்வு ஒண்ணு காட்டிருக்கு. இதுல நீங்க செய்ய வேண்டியது, பயாப்சில பி.டி.எல்.1, ஹெர்2, எம்.எஸ்.ஐ.ங்கற கேன்சர் செல்லோட அடையாள டெஸ்ட்டெல்லாம் பார்த்தாச்சான்னு கேக்கறது, ஏன்னா எந்த மருந்து சேர்க்கலாம்னு அத வச்சுத்தான் சொல்வாங்க. ஆஸ்பத்திரி மாறறதா இருந்தா ரிப்போர்ட் பேப்பர் மட்டும் பத்தாது, மெழுகுல வச்சிருக்கற அந்த பயாப்சி பிளாக்கையும் ஸ்லைடையும் லேப்ல எழுதிக் கொடுத்து வாங்கிட்டு போங்க, இல்லன்னா புது இடத்துல மறுபடி ட்யூப் விடுவாங்க.