கடைக்குப் போவதற்கு முன் ஃப்ரிட்ஜைத் திறங்கள்: மளிகைச் செலவைக் குறைக்கத் தொடங்குவோருக்கு

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம் வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஐந்து கிலோ துவரம்பருப்புப் பை ஒன்று அகப்பட்டது. எப்போதோ தள்ளுபடியில் வாங்கியது, பிரிக்கவே இல்லை. பையைத் தூக்கியதும் அடியிலிருந்து பழுப்பாகப் பொடி உதிர்ந்தது. உள்ளே பார்த்தால் வண்டு ஊர்கிறது. கீழ்த்தட்டிலோ போன மாதம் வாங்கிய இரண்டு கிலோ துவரம்பருப்பு தனியாக இருக்கிறது. மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய பருப்பை அப்படியே குப்பைக் குழாயில் கொட்டினேன். மனசு கேட்கவில்லை.

சிங்கப்பூரில் விலைவாசி ஏறியிருப்பது உண்மைதான். பொருள் சேவை வரி 2023 ஜனவரியில் 8 விழுக்காடு ஆனது, 2024 ஜனவரியில் 9 விழுக்காடு. இங்கே நாம் சாப்பிடுவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. இவற்றை நீங்களும் நானும் மாற்ற முடியாது. ஆனால் வாங்கிய பொருள் வாய்க்குப் போகிறதா, குப்பைக்குப் போகிறதா என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. அதனால் இந்தச் செய்முறையைக் கடையில் தொடங்காமல் வீட்டில் தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, ஒரே ஒரு ஃப்ரிட்ஜ்.

முதல் படி: ஒரு மாதம் ரசீதுகளைச் சேருங்கள்

இந்த மாதம் எந்தப் பழக்கத்தையும் மாற்ற வேண்டாம். எப்போதும் போல வாங்குங்கள். ரசீதை மட்டும் ஓர் உறையில் போட்டு வாருங்கள். சந்தையில் ரசீது தரமாட்டார்கள், அதனால் வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டுக் காகிதத்தில் தொகையை எழுதி உறையில் போடுங்கள்.

மாதக் கடைசியில் உறையைக் கொட்டி மூன்றாகப் பிரியுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா ஒரு பக்கம். காய், மீன், கோழி, முட்டை, பால் இன்னொரு பக்கம். பிஸ்கட், பெட்டிப் பானம், உறைய வைத்த நகெட், காசு கட்டும் இடத்தில் கைக்கு எட்டியது எல்லாம் மூன்றாவது பக்கம். எங்கள் வீட்டு மொத்தம் 1,040 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மீன்தான் காசைத் தின்கிறது என்று நான் நெடுநாளாக நினைத்திருந்தேன். மூன்றாவது பக்கத்தைக் கூட்டினால் 230 வெள்ளி, மீனைவிட அதிகம்.

இரண்டாம் படி: வீணாவதை எழுதுங்கள்

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு எதைக் கொட்டினாலும் அதன் பெயரும் உத்தேச விலையும் தாளில் ஏற வேண்டும். யார் கொட்டினார்கள் என்று எழுத வேண்டாம், வீட்டில் சண்டைதான் வரும்.

என் மாமியாருக்கு இது முதலில் பிடிக்கவில்லை. “வீணானதை எழுதி வைக்கிறது நல்லதுக்கா?” என்றார். நான்கே நாளில் அவர்தான் எல்லாரையும்விட ஒழுங்காக எழுதினார். எங்கள் தாளில் கொத்தமல்லி மூன்று முறை, பாதி வெட்டிய வெள்ளரி இரண்டு முறை, ரொட்டியின் கடைசித் துண்டுகள், புளித்துப்போன மாவு, மூன்று நாள் சாம்பார் என்று வரிசையாக வந்தது. உங்கள் தாளில் வேறு பெயர்கள் இருக்கும். திரும்பத் திரும்ப வருகிற மூன்றை மட்டும் வட்டம் போட்டு வையுங்கள். அடுத்து சரிசெய்ய வேண்டியவை அவைதான்.

மூன்றாம் படி: இருப்பைப் பார்த்து, பிறகு சமையல் திட்டம்

வெள்ளிக்கிழமை இரவு பத்து நிமிடம் போதும். ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர், அலமாரி மூன்றையும் திறந்து, சீக்கிரம் தீர்க்க வேண்டியதைக் குறித்துக்கொள்ளுங்கள். என்ன சமைப்பது என்று அதை வைத்து முடிவு செய்யுங்கள். சாமான் பட்டியல் அதற்கும் பிறகுதான்.

தொடங்குகிறவர்கள் ஏழு நாளுக்கும் திட்டம் போடுவார்கள், நானும் போட்டேன். அது நடக்காது. நடுவில் ஒரு நாள் வேலை முடிய நேரமாகும், பக்கத்து உணவங்காடியில் சாப்பிட்டுவிட்டு வருவோம், வாங்கிய கீரை வாடும். நான்கு நாளுக்கு மட்டும் திட்டம் போட்டு, வியாழக்கிழமையை மிச்சத்தைத் தீர்க்கும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய சாம்பாரில் அரிசியைக் குழைய வேகவைத்தால் சாம்பார் சாதம். மிஞ்சிய சோற்றை நெத்திலி, பச்சை மிளகாய் போட்டுக் கிளறினால் நாசி கோரெங், எங்கள் பிள்ளைகள் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். மாவு நான்காம் நாள் ஊத்தப்பம், ஐந்தாம் நாள் பணியாரம்.

ஒன்று மட்டும் கவனம். நம் ஊர் வெக்கையில் சமைத்த சோற்றை வெளியே விட்டுவைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். மிச்சப்படுத்தப் போய் வயிற்றைக் கெடுத்துக்கொண்டால் மருந்தகத்துக்குச் செலவு செய்ய வேண்டிவரும்.

நான்காம் படி: எதை எங்கே வாங்குவது

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்குவது வசதிதான், ஆனால் அதற்கு விலை உண்டு. அதற்காக ஐந்து கடை ஏறி இறங்கவும் வேண்டாம், உங்கள் நேரத்துக்கும் மதிப்பு இருக்கிறது. நான் மூன்று இடத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பருப்பு, மசாலா, புளி, இட்லி அரிசி எல்லாம் மாதம் ஒரு முறை லிட்டில் இந்தியாவில். பஃப்ளோ ரோட்டிலோ சிராங்கூன் சாலையிலோ ஒரு கடையைப் பிடித்துவிட்டால் போதும். அங்குள்ள தேக்கா சந்தைக்குப் போனால் ஆட்டிறைச்சி, மீன், இந்தியக் காய்கறி மூன்றையும் ஒரே சுற்றில் வாங்கிவிடலாம். திங்கட்கிழமை பல கடைகள் மூடியிருக்கும், அன்று போகாதீர்கள்.

வாரக் காய்கறிக்கு வீட்டுப் பக்கத்து ஈரச்சந்தை. இங்கே ஒரு சின்னப் பழக்கம் பெரிய வித்தியாசம் செய்கிறது. முருங்கைக்காய், கொத்தவரங்காய் போன்றவை பெரும்பாலும் விமானத்தில் வருகின்றன, அந்தக் கட்டணமும் விலையில் ஏறிவிடும். வெண்டை, கத்தரி, பயத்தங்காய், வெள்ளரி எல்லாம் மலேசியாவிலிருந்து லாரியில் வருகின்றன. அன்றாடச் சமையலுக்கு லாரியில் வரும் காயை வைத்துக்கொண்டு, முருங்கைக்காயை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குங்கள். கீரையும் அப்படித்தான். இங்கே ‘பாயம்’ என்று விற்பது நம் முளைக்கீரைக்கு ஒன்றுவிட்ட தங்கை. பருப்பு போட்டுக் கடைந்தால் வித்தியாசமே தெரியாது.

மீனில் வஞ்சிரம்தான் வேண்டும் என்று நிற்காதீர்கள். கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி விலை குறைவு, புளிக்குழம்புக்கு அருமையாக ஒத்துவரும். சீனப் புத்தாண்டுக்கு முன் வாவலும் இறாலும் விலை ஏறிவிடும், புத்தாண்டு முடிந்தும் சில நாள் சந்தையில் பல கடைகள் திறக்காது. அந்த இரண்டு வாரத்துக்கு வேண்டிய மீனை முன்கூட்டியே வாங்கி உறைய வைத்துவிடுங்கள்.

எண்ணெய், பால், முட்டை, சவர்க்காரம் ஆகியவற்றுக்குப் பேரங்காடி. அங்கே கடையின் சொந்த முத்திரைப் பொருளை ஒரு முறை வாங்கிப் பாருங்கள். உப்பு, சர்க்கரை, மைதா, டிஷ்யூ போன்றவற்றில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. காப்பித்தூளில் தெரிந்தது, அதை மாற்றவில்லை. பையையும் கையோடு எடுத்துப் போங்கள். 2023 ஜூலை முதல் பெரிய பேரங்காடிகளில் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு.

அப்புறம், முக்கியமான ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மாற்று தெரிந்து வைத்திருங்கள். 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தி, 2024 செப்டம்பரில்தான் தடையை நீக்கியது. இரண்டு முறையும் பலர் பதறிப்போய் மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். கோழி இல்லாத அந்த நாட்களில்தான் உறைய வைத்த பிரேசில் கோழியை முதன்முதலாகக் குழம்பில் போட்டேன். வறுவலுக்கு அவ்வளவு நன்றாக வராது, ஆனால் குழம்புக்கும் குருமாவுக்கும் தாராளமாகப் போதும். இன்றும் மாதத்தில் பாதி நாள் அதுதான்.

ஐந்தாம் படி: ஒரு கிலோவுக்கு, ஒரு லிட்டருக்கு எவ்வளவு?

பெரிய பொட்டலம் என்றால் மலிவு என்று நம்பாதீர்கள். ஒரு கணக்குக்கு, 2 லிட்டர் எண்ணெய் 7.60 வெள்ளி, 5 லிட்டர் 20.50 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதலாவது லிட்டர் 3.80, இரண்டாவது 4.10. சின்னது இரண்டு வாங்குவதே லாபம். கைப்பேசியில் விலையை அளவால் வகுத்தால் பத்து விநாடியில் தெரிந்துவிடும். “இரண்டு வாங்கினால் இவ்வளவு” என்று எழுதியிருந்தாலும் இப்படியே வகுத்துப் பாருங்கள். கணக்கு சரியாக வந்தாலும், கெடுவதற்குள் தீர்ப்போமா என்று இன்னொரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். என் ஐந்து கிலோ துவரம்பருப்பு கணக்கில் மலிவாகத்தான் இருந்தது.

ஆறாம் படி: வாங்கியதைக் காப்பாற்றுங்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எங்கள் வீட்டில் மிச்சத்தில் ஒரு நல்ல பங்கு இங்கேதான் கிடைத்தது.

கொத்தமல்லி: வாங்கி வந்த பிளாஸ்டிக் பையோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாளில் கொழகொழவென்று ஆகிவிடும். காரணம் ஈரம். வந்ததும் கட்டைப் பிரித்து, மஞ்சள் இலையையும் நசுங்கிய தண்டையும் எடுத்துவிடுங்கள். கழுவ வேண்டாம். வேரை வெட்டித் தனியாக வையுங்கள், ரசத்தில் தட்டிப் போட்டால் மணம் தூக்கும். தழையை உலர்ந்த சமையலறைக் காகிதத்தில் தளர்வாகச் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். நான்கு நாள் கழித்துக் காகிதம் நனைந்திருந்தால் மாற்றுங்கள். எனக்குப் பத்து நாள் பச்சையாக நிற்கிறது. பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளி இதே மாதிரி வைக்கலாம்.

பருப்பு, ரவை, கடலைமாவு: வண்டு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை, முட்டை பல நேரம் பொட்டலத்துக்குள்ளேயே இருக்கிறது. நம் ஊர் ஈரக்காற்றுக்கு அது சுலபமாகப் பொரிந்துவிடும். வாங்கி வந்ததும் பொட்டலத்தைப் பிரிக்காமல் நான்கைந்து நாள் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்த உடனே பிரிக்காதீர்கள், குளிர்ந்த பருப்பின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். அரை நாள் வெளியே இருந்து குளிர் விட்ட பிறகு, இறுக மூடும் டப்பாவில் கொட்டுங்கள். பழையது தீர்ந்த பிறகே புதியதைக் கொட்ட வேண்டும், மேலே கொட்டக் கூடாது.

மீன்: ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, பையில் தட்டையாகப் பரப்பி, தேதி எழுதி உறைய வையுங்கள். தட்டையாக இருந்தால் இடமும் அடங்கும், சீக்கிரம் குளிரும் விடும். முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். சந்தையில் வாங்கும் துருவிய தேங்காயையும் இப்படியே பரப்பி வைத்தால், வேண்டும்போது அப்பளம் போல உடைத்து எடுத்துக்கொள்ளலாம்.

வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள், கிழங்கு முளைவிடும். கறிவேப்பிலைக்கு ஒரு தொட்டி வைத்தால் போதும். வீட்டுக்கு வெளியே வைப்பதானால் நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும், தீயணைப்பு விதி.

ஏழாம் படி: பற்றுச்சீட்டும் தள்ளுபடியும்

அரசாங்கம் குடும்பங்களுக்குத் தரும் சிடிசி (சமூக மேம்பாட்டு மன்ற) பற்றுச்சீட்டில் பாதி பேரங்காடிக்கு, மறுபாதி உணவங்காடிக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும். 2025 மே மாதம் ஒவ்வொரு சிங்கப்பூர்க் குடும்பத்துக்கும் கிடைத்த 500 வெள்ளியும் 250, 250 என்றுதான் பிரிந்திருந்தது. இரண்டாவது பாதியை ஈரச்சந்தையில் காய்க்கும் மீனுக்கும் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கடையில் சிடிசி ஒட்டுவில்லை இருக்கிறதா என்று பாருங்கள். மீதிக்காசு தரமாட்டார்கள், அதனால் வாங்கிய தொகைக்கு மேல் போகாமல் பற்றுச்சீட்டைக் கொடுத்து, மீதியை ரொக்கமாகக் கொடுங்கள். ஃபேர்பிரைஸ் பேரங்காடியில் செவ்வாய்க்கிழமை 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2 விழுக்காடு தள்ளுபடி. எங்கள் வீட்டு எண்ணெயும் பாலும் அன்று மாமியார் கையால்தான் வருகின்றன.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் போய் வாங்கலாமே என்று கேட்பீர்கள். போகிற வேலை இருந்தால் வாங்கி வாருங்கள். 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் ஒருவர் 100 வெள்ளி வரைதான் பொருள் சேவை வரி இல்லாமல் கொண்டுவரலாம். மளிகைக்காக மட்டும் போனால் பேருந்துக் கட்டணம், மதியச் சாப்பாடு, சோதனைச் சாவடி நெரிசல் மூன்றையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

இத்தனையையும் ஒரே மாதத்தில் செய்ய முயலாதீர்கள். முதல் மாதம் ரசீதும் தாளும் மட்டும். பிறகு மாதம் ஒரு படி, இரண்டு படி. பிள்ளைகளிடம் “அதை வாங்காதே” என்று சொல்வதற்குப் பதிலாக வாரத்துக்கு ஆளுக்கு மூன்று வெள்ளி ஒதுக்கி, அதற்குள் அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டோம். பெட்டிப் பானம் தானாகவே குறைந்தது.

நான்காம் மாதம் உறையைக் கொட்டிக் கூட்டியபோது 815 வெள்ளி வந்தது. மூன்றாவது பக்கம் 230லிருந்து 95க்கு இறங்கியிருந்தது. மீன் செலவு மட்டும் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கிறது. அதைக் குறைக்க நாங்கள் முயலவும் இல்லை.