நோட்டில் ‘அ’ போட்டுக் கொடுப்பதற்கு முன்னால்

விஜயதசமி அன்று தாத்தா மடியில் உட்கார வைத்து, தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைத்தாயிற்று, படமும் எடுத்தாயிற்று. சரி, மறுநாளிலிருந்து? பெரும்பாலான வீடுகளில் கோடு போட்ட நோட்டு வாங்கி, முதல் வரியில் ‘அ’ எழுதிக் கொடுத்து, பக்கம் முழுக்க எழுதச் சொல்வோம். நானும் மூன்றரை வயது மகளிடம் அதைத்தான் செய்தேன். நாலே நாளில் நோட்டைக் கண்டாலே கதவுக்குப் பின்னால் ஒளிய ஆரம்பித்துவிட்டாள்.

‘அ’ வரிசையில்தான் முதல், கைக்கு அது லேசான எழுத்தே இல்லை. சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நேர்கோடு எல்லாம் அந்த ஒன்றிலேயே இருக்கின்றன. ‘இ’ இன்னும் மோசம். அதனால் ‘ட’வில் தொடங்குங்கள்: மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு, முடிந்தது. அப்புறம் ‘ப’, ‘ம’. மேலே புள்ளி வைத்தால் என்ன சத்தம் வரும் என்பதையும் சொல்லிக் கொடுத்துவிட்டால் படம், பட்டம், மட்டம் என்று சீக்கிரமே முழுச் சொல்லாக வாசிக்க முடியும் (நாகர்கோவில் பக்கம் என்றால் பப்படமும் உண்டு).

பென்சிலுக்கு அவசரமே இல்லை. தரையில் சாக்பீஸ், தட்டில் ரவை, வாசலில் கோலமாவு போதும், எழுத்து பெரிதாக இருக்கட்டும். சப்பாத்தி மாவு உருட்டுவதும் பட்டாணி உரிப்பதும் விரலுக்கு நல்ல பயிற்சி, நமக்கும் வேலை மிச்சம். எழுத்தைத் திருப்பிப் போட்டால் பதறாதீர்கள், ஆறேழு வயது வரைக்கும் அது சகஜம்.

247 எழுத்து என்று மலைக்க வேண்டாம், உயிரும் மெய்யும் குறிகளும் பிடிபட்டால் மற்றவை கூடவே வந்துவிடும். ஆனால் இரண்டு இடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். ‘கெ’ சொல்லும்போது வாயில் முதலில் வருவது ‘க்’, கை முதலில் எழுத வேண்டியதோ கொம்பு. இன்னொன்று உகர வரிசை: கு, சு, டு, து என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளையும், பொதுக் குறி கிடையாது. பசு, வீடு, பந்து என்று சொல்லோடு சேர்த்துப் பழக்குவதுதான் வழி. தாத்தா பாட்டி பழைய ‘லை’, ‘னை’ எழுதிக் காட்டினால் சண்டை போடாதீர்கள், 1978 சீர்திருத்தத்துக்கு முன்னால் படித்த கை அது.

எண்ணுக்கு வருவோம். விருந்தாளி முன்னால் நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளைக்கு எண்ணத் தெரியும் என்று அர்த்தமில்லை. ஏழு புளியங்கொட்டையைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். முடித்ததும் “மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் உறைக்கவில்லை. திருத்தப் போகாமல் வேலை வாங்குங்கள். “நாலு தட்டு எடுத்து வை, ஆளுக்கு ரெண்டு இட்லி.” பல்லாங்குழி இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும், குழிக்கு ஒரு முத்தாகப் போடும்போது வாயும் கையும் சேர்ந்து நடக்க வேண்டும், ஒன்றை விட்டால் ஆட்டமே கெட்டுவிடும்.

எண்ணுப்பெயர்களை முதலில் தமிழில் சொல்லிக் கொடுங்கள் என்பது என் கட்சி. பதினொன்று, பதிமூன்று என்னும்போதே உள்ளே இருக்கும் பத்து காதில் விழுகிறது, இலெவனில் அது விழாது. இருபத்தொன்பதுக்கு அப்புறம் என் மகள் “இருபத்திப் பத்து” என்றாள். சிரித்துவிட்டேன், ஆனால் அவள் கணக்கு சரிதான். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி, மூன்று கட்டை எடுத்து வைத்து “இதுக்குப் பேர் முப்பது” என்றதும் பிடித்துக்கொண்டாள். தொண்ணூறுதான் முரண்டு பிடிக்கும், அதை மனப்பாடமாகவே விட்டுவிடலாம்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும், கொட்டாவி விட்டால் அதற்கு முன்னாலேயே எழுந்துவிடுங்கள். கையில் கிடைப்பதை எல்லாம் மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்ளும் வயது என்றால் புளியங்கொட்டை வேண்டாம், ஸ்பூனை எண்ணட்டும்.