அல்ஹம்ப்ராவை ஒரே நாளில் நிதானமாகப் பார்ப்பது எப்படி?

ஸ்பெயினின் கிரனாடா நகரில் உள்ள அல்ஹம்ப்ரா, நஸ்ரித் வம்ச முஸ்லிம் மன்னர்களின் கோட்டை-அரண்மனை வளாகம். அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். விமானம், தங்குமிடம் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நேராக டிக்கெட்டுக்கு வருகிறேன்.

படி 1: டிக்கெட்

அதிகாரப்பூர்வ இணையதளத்திலேயே வாங்குங்கள். இடைத்தரகர் தளங்கள் எனக்குப் பிடிக்காது. வீணாகக் கூடுதல் பணம் போகும். பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும் என்பதால் தேதி முடிவானதும் வாங்கிவிடுங்கள். தோட்டங்களும் அல்கஸாபா கோட்டையும் மட்டும் அடங்கிய மலிவான டிக்கெட் ஒன்று உண்டு. அதில் நஸ்ரித் அரண்மனைகள் கிடையாது. 'அல்ஹம்ப்ரா ஜெனரல்' என்பதைத்தான் எடுக்க வேண்டும்.

படி 2: நேரம்

பலரும் தடுமாறுவது இங்கேதான். டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நேரம் வளாகத்தின் வெளிவாசலுக்கானது அல்ல, நஸ்ரித் அரண்மனையின் வாசலுக்கானது. அந்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் நுழையாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். டிக்கெட் கவுன்டர் இருக்கும் வாசல் ஹெனராலிஃபே தோட்டத்துப் பக்கம். அங்கிருந்து அரண்மனைக்கு நல்ல நடை. டிக்கெட் கையில் இருந்தால் 1348இல் கட்டிய நீதி வாசல் வழியாக வாருங்கள், அரண்மனை பக்கத்திலேயே இருக்கிறது. நகர மையத்திலிருந்து சி30 பஸ் வருகிறது. காலையின் முதல் நேரமே என் தேர்வு. கூட்டம் சேர்வதற்குள் மிர்ட்டில் முற்றத்தின் குளத்தில் கோமாரஸ் கோபுரம் அசையாமல் தெரியும்.

படி 3: அரண்மனைக்குள்

வெளியே வந்துவிட்டால் மறுபடி நுழைய முடியாது, அவசரப்படாதீர்கள். சிங்க முற்றம் நஸ்ரித் மன்னர் ஐந்தாம் முகம்மது காலத்தது. பன்னிரண்டு பளிங்குச் சிங்கங்கள் தாங்கும் தொட்டியின் விளிம்பில் அரசவைக் கவிஞர் இப்னு ஸம்ரக்கின் கவிதையைச் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் 'இரு சகோதரிகள்' கூடத்தில் கழுத்து வலித்தாலும் அண்ணாந்து பாருங்கள்: தேனடை போல ஆயிரக்கணக்கான சிறு குழிவுகள் சேர்ந்த கூரை. சுவர்களில் திரும்பத் திரும்ப வரும் அரபு வரி, 'இறைவனன்றி வெற்றியாளர் இல்லை' என்ற நஸ்ரித் வம்சத்தின் முழக்கம். 1492இல் அந்த வம்சம் நகரை இழந்தது. வரி அங்கேயே இருக்கிறது.

படி 4: மற்றவை

பிறகு வந்த கிறிஸ்தவப் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் அரண்மனையில் வட்ட முற்றத்தைப் பார்த்தால் போதும். அப்புறம் அல்கஸாபாவின் வேலா கோபுரம் ஏறுங்கள், சியரா நெவாடா மலை தெரியும். ஹெனராலிஃபேயைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். டாரோ ஆற்றை மேலேயே மறித்து, வாய்க்கால் வெட்டி, மலைச் சரிவின் சாய்வை வைத்தே தண்ணீரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அங்கே ஒரு படிக்கட்டில் கைப்பிடிச் சுவரின் மேலேயே தண்ணீர் ஓடுகிறது. இந்தப் படிக்கட்டைத் தேடிப் போய்ப் பாருங்கள்.

பின்சேர்க்கை: டிக்கெட்டில் பெயரோடு இனிஷியலை எப்படி எழுதுவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, இனிஷியலை விரித்து எழுதியிருக்க வேண்டும். அசல் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போங்கள், சரிபார்ப்பார்கள். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள். பெரிய பையை அறையிலேயே வைத்துவிடுங்கள்.