பாரிசுக்குப் புதிதா? பிரெஞ்சைக் காதால் படியுங்கள்

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் அரிசி, கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் தமிழிலேயே கேட்டு வாங்கிவிடலாம். முடி வெட்டவும் தமிழ் போதும். சிக்கலே அதுதான். அந்த இரண்டு தெருவுக்குள் ஒரு வருடம் ஓடிவிடும், பிரெஞ்சு 'போன்ழூர், மெர்சி'யோடு நின்றுவிடும்.

2026 ஜனவரி 1 முதல் விதியும் இறுகிவிட்டது. சில பிரிவினருக்கு விலக்கு உண்டு. மொழித் திறனை ஏ1 (தொடக்கம்) முதல் சி2 (உச்சம்) வரை ஆறு நிலைகளாகப் பிரிப்பார்கள். மற்றவர்களுக்குப் பல ஆண்டு வதிவிட அட்டைக்கு ஏ2, பத்து வருட அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 நிலை வேண்டும். வகுப்பு கிடைத்தால் போங்கள். வேலை நேரம் ஒத்துவராமல் வீட்டிலிருந்தே படிப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுச் சொற்களையெல்லாம் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி வைத்தேன். ரொட்டிக்கு 'பேன்' என்று எழுதினேன். குளியலுக்கும் அதே 'பேன்'தான் வந்தது. உண்மையில் ரொட்டியில் இருப்பது 'பல்'லில் வரும் ப, குளியலில் இருப்பது 'கம்பு'வில் வரும் ப. மீனும் விஷமும் இன்னும் மோசம், இரண்டையும் 'புவாசோன்' என்று எழுதியிருந்தேன். மீனில் பாம்பு சீறும் ஒலி, விஷத்தில் வண்டு ரீங்கரிக்கும் ஒலி. அந்த நோட்டை வைத்துக்கொண்டு உணவகத்தில் என்ன கேட்டிருப்பேனோ!

ஆனால் நம் காதுக்கும் வாய்க்கும் பிரெஞ்சு அவ்வளவு அந்நியம் இல்லை. தமிழ்நாட்டுப் பேச்சில் 'மரம்', 'அவன்' என்று சொல்லும்போது கடைசி மெய்யை முழுசாகச் சொல்லாமல் மூக்கில் விட்டுவிடுகிறோம் அல்லவா, பிரெஞ்சின் மூக்கொலியும் அந்த வகைதான். 'ஆ'வும் (உண்டு) 'இல்'லும் (அவன்) கேள்வியில் சேர்ந்தால் நடுவில் ஒரு 'த்' வந்து 'ஆதில்' ஆகும். மணி + அடித்தது = மணியடித்தது என்று பள்ளியில் உடம்படுமெய் படித்தோமே, அதே வேலை. நீ, நீங்கள் வித்தியாசமும் அப்படியே இருக்கிறது. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதற்கு மட்டும் நம்மிடம் கைப்பிடி இல்லை. ஆண்பாலுக்கு 'ல', பெண்பாலுக்கு 'லா' என்று சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

ஆகவே ஒலியும் எழுத்தும் சேர்ந்து வரும் பாடங்களாகப் பாருங்கள். ஆரம்ப நிலைக்கு, பிரெஞ்சு கற்றுத்தரும் நிறுவனமான அலியான்ஸ் பிரான்சேஸின் 'விவ்ர் ஆன் ஃபிரான்ஸ்' என்ற இணையப் பாடம் நல்லது, இலவசம். மருத்துவர், வீடு, வேலை என்று நமக்குத் தேவையான சூழல்களாக இருக்கும். டிவி5 மோந்த் என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் தளத்தில் ஏ1 முதல் பி2 வரை சின்னச் சின்ன வீடியோக்களும் பயிற்சிகளும் கொட்டிக் கிடக்கின்றன, அதுவும் காசில்லை. டுவோலிங்கோ செயலி பஸ்ஸில் போகும்போது சரி. அதை மட்டும் நம்பினால் வாய் திறக்காது.

எனக்கு அதிகம் உதவியது ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி. தினமும் பத்து நிமிடம், பேசுவதன் எழுத்து வடிவமும் தளத்தில் கிடைக்கும். ஏ2 தாண்டுவதற்குமுன் தொட்டால் தலை சுற்றும். முதல் தடவை எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள், அடுத்து பார்த்துக்கொண்டே கேளுங்கள், மூன்றாவது தடவை கூடவே வாய்விட்டுச் சொல்லுங்கள். பத்து நிமிடமும் வேண்டாம், இரண்டு நிமிடத் துண்டு போதும். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மெத்ரோவும் ஒரு வாத்தியார். 4-ஆம் லைனில் ஏறிப் பலகையையும் அறிவிப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 'ஷாத்லே' என்று கேட்கும், பலகையில் கடைசியில் ஒரு 'டி' (t) எழுத்து சும்மா நின்றுகொண்டிருக்கும்.

பேசிப் பழக ஆள் வேண்டுமென்றால் நகராட்சி நூலகத்துக்குப் போங்கள். பாரிசில் உறுப்பினராகச் சேரவும் புத்தகம் எடுக்கவும் பணம் இல்லை, பல கிளைகளில் உரையாடல் பயிற்சியும் இலவசமாக நடக்கிறது. நம்மைப் போலவே தடுமாறுகிறவர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பதால் கூச்சம் போய்விடும்.

நிலையை நிரூபிக்கும் பிரெஞ்சுத் தேர்வுக்குப் பணம் கட்டுமுன் ஒன்று பாருங்கள்: டிசிஎஃப் தேர்வின் முடிவு இரண்டு ஆண்டுதான் செல்லும், டெல்ஃப் தேர்வின் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்.

எண்களைத் தள்ளிப்போடாதீர்கள். இங்கே தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொல்வார்கள். தொண்ணூற்றேழு என்றால் 'நான்கு இருபது பத்து ஏழு'. ரொந்தேவூ (சந்திக்க நேரம்) கேட்டுப் பேசிய முதல் அழைப்பில் நான் 4, 20, 17 என்று எழுதிவிட்டு, பத்து இலக்க எண் எப்படிப் பதின்மூன்று இலக்கமானது என்று விழித்துக்கொண்டிருந்தேன். அப்போது தெரிந்திருக்க வேண்டிய வாக்கியம் 'ப்ளூ லாந்த்மான், சில் வூ ப்ளே', கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். இதை ஒன்றை மட்டும் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.