கறையைப் பார்த்து மருந்து: சமையலறையைச் சுத்தமாகவும் பழுதில்லாமலும் வைத்திருக்க

கை வலிக்கத் தேய்த்தும் அடுப்பு மேடையில் பிசுபிசுப்பு போகவில்லையா? பெரும்பாலும் கறை ஒன்றாக இருக்கும், போட்ட மருந்து வேறொன்றாக இருக்கும். நம் சமையலறையில் சேரும் அழுக்கு நாலே வகைதான். தாளிப்பிலும் பொரிப்பிலும் கிளம்பி ஒட்டுகிற எண்ணெய்ப் பிசுக்கு. காய்ந்து இறுகும் மாவு, பால், முட்டை. போர் தண்ணீர் விட்டுப்போகும் வெள்ளை உப்புக்கறை. அடிப்பிடித்த கரி.

பிசுக்குக்குச் சூடும் காரமும் வேண்டும்: வெந்நீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, முற்றிப்போனால் சலவை சோடா. மாவுக்கும் பாலுக்கும் முதலில் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் ஊற்றினால் பாலும் முட்டையும் வெந்து பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும், மாவு பசையாகிவிடும். உப்புக்கறைக்குப் புளிப்பு வேண்டும்: புளி, எலுமிச்சை, வினிகர், மளிகைக் கடையில் கிடைக்கும் லெமன் சால்ட். கரிக்கு ஊறல். இந்த நாலையும் நினைவில் வைத்துக்கொண்டால் விலை உயர்ந்த திரவங்களில் பாதி தேவையே இல்லை.

ஆப்ப சோடாவையும் வினிகரையும் கலந்தால் நுரைத்துப் பொங்கும். பார்க்க நன்றாக இருக்கும். காரமும் புளிப்பும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்வதால் மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர்தான். இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ, பாத்ரூம் கழுவும் திரவத்தையோ, வினிகரையோ எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சிறிதாக உள்ள சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து.

அடுப்பு

சுடர் நீலமாக, சீராக நின்று எரிய வேண்டும். மஞ்சளாக எரிகிறது, பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கிறது என்றால் கேஸோடு போதிய காற்று கலக்கவில்லை என்று அர்த்தம். பால் பொங்கி வழிந்து பர்னர் துளைகளை அடைத்திருக்கும், அல்லது பர்னர் சரியாக உட்காராமல் சாய்ந்திருக்கும்.

ரெகுலேட்டரை மூடி, அடுப்பு நன்றாக ஆறிய பிறகு பர்னரை எடுங்கள். கையில் கனத்து, மஞ்சளாக இருந்தால் பித்தளை. எலுமிச்சை அளவு புளியை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து, அரை மணி நேரம் அதில் ஊறப்போடுங்கள். பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வொரு துளையையும் ஊக்கு முனையால் குத்திவிடுங்கள். தீக்குச்சியும் பல்குத்தும் குச்சியும் வேண்டாம்; முனை உள்ளேயே உடைந்து துளையை நிரந்தரமாக அடைத்துவிடும். பர்னர் லேசாக, வெள்ளையாக இருந்தால் அது அலுமினியக் கலவை. அதைப் புளியில் நெடுநேரம் ஊறவிடாமல் சோப்புத் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள்.

கழுவிய பர்னரைக் கவிழ்த்து வைத்து, சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் சுடர் படபடவென்று துள்ளும். உடனே மெக்கானிக்கைக் கூப்பிடத் தோன்றும். பர்னருக்குக் கீழே கேஸ் வரும் ஜெட்டின் பொடித்துளையை மட்டும் ஊசியால் குத்த வேண்டாம். துளை சற்றே பெரிதானாலும் சுடர் மஞ்சளாகும், கேஸும் வீணாகும். குமிழைத் திருப்பக் கடினமாக இருக்கிறது என்று தேங்காய் எண்ணெய் விடுவதும் தவறு. அது நாளடைவில் பிசினாகி இன்னும் இறுகும். அந்த இடத்துக்கென்று தனி கிரீஸ் இருக்கிறது. அது மெக்கானிக் வேலை.

கண்ணாடி மேல்தட்டு உள்ள அடுப்பில், சூடாக இருக்கும்போது ஈரத் துணி போடாதீர்கள். அந்தக் கண்ணாடி விரிசலோடு நிற்காது, மொத்தமாகச் சிதறும். கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் நேரம்தான் துடைக்கச் சரியான நேரம். அப்போது ஒரு நிமிடத்தில் போகிற பிசுக்கு, மறுநாள் காலையில் கால் மணி நேரம் வாங்கும்.

கேஸ் டியூபை மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். அப்படியே இரண்டு முனையிலும் சோப்பு நுரையைத் தடவி, அடுப்பை அணைத்த நிலையில் ரெகுலேட்டரை மட்டும் திறந்து பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திச் சோதிக்கவே கூடாது. ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூபுக்கு ஆயுள் ஐந்து ஆண்டு. டியூபின் மேலேயே விவரம் அச்சிட்டிருக்கும். பார்க்க நன்றாக இருந்தாலும் காலம் முடிந்தால் மாற்றிவிடுங்கள். வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

சிம்னி, எக்ஸாஸ்ட் ஃபேன், சுவர்

எப்போதும் மேலிருந்து கீழே. மேடையைத் துடைத்துவிட்டு ஃபேனைக் கழற்றினால் மேடையை மறுபடி துடைக்க வேண்டியதுதான்.

தினமும் தாளிக்கும் வீட்டில் சிம்னி ஃபில்டரை மாதம் ஒருமுறையாவது கழற்ற வேண்டும். ஸ்டீல் பட்டைகள் கொண்ட ஃபில்டர் என்றால், பெரிய டப்பில் பத்து லிட்டர் வெந்நீர், நாலு மேசைக்கரண்டி சலவை சோடா, இரண்டு கரண்டி பாத்திரச் சோப்புத் திரவம். அரை மணி நேரம் ஊறினால் எண்ணெய் பழுப்பாக மிதந்து வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சலவை சோடா தோலை அரிக்கும். அலுமினிய வலை ஃபில்டருக்குச் சலவை சோடா ஆகாது, கறுத்துப் பொரிந்துவிடும். வெந்நீரும் சோப்பும் போதும். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு மெயினை அணைத்துவிட்டு இறக்கையை மட்டும் கழற்றிக் கழுவுங்கள். மோட்டாரில் பிழிந்த துணி தவிர வேறெதுவும் படக்கூடாது.

அடுப்புக்குப் பின்னால் உள்ள டைல்ஸில் பிசுக்கு முற்றியிருந்தால், சோப்பு கலந்த வெந்நீரில் ஒரு பழைய துணியை நனைத்துச் சுவரில் பத்து நிமிடம் ஒட்டவிடுங்கள். பிறகு தேய்க்கவே வேண்டாம், வழித்தால் வந்துவிடும். டைல்ஸ் இடுக்கில் ஆசிட் ஊற்றினால் சிமென்ட் பூச்சு கரைந்து, அந்தப் பள்ளத்தில் இன்னும் அழுக்கு சேரும்.

மேடைக் கல் விஷயத்தில் பலரும் ஏமாறுவது கடப்பாக் கல்லில்தான். கிரானைட் மாதிரியே கறுப்பாக இருந்தாலும் அது சுண்ணாம்புப் பாறை. புளித்தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ சிந்தினால் அந்த இடம் வெளுத்து, பளபளப்பு போய், விரல் வைத்தால் சொரசொரக்கும். அது கறை இல்லை, கல்லே அரித்துப் போனது, தேய்த்தால் திரும்பாது. கடப்பா மேடையிலும் மார்பிளிலும் புளிப்பு சிந்தியதும் துடையுங்கள், சோப்பு மட்டும் பயன்படுத்துங்கள். கிரானைட் அவ்வளவு சீக்கிரம் அசையாது.

குக்கர், மிக்ஸி, கிரைண்டர்

குக்கரில் முதலில் பார்க்க வேண்டியது மூடியில் வெயிட் உட்காரும் குழாய். மூடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, குழாய் வழியே அந்தப் பக்கம் தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பருப்பு நுரை அங்கேதான் போய்க் காயும். அது அடைத்தால் விசில் வராது, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். கடைசிக் காவல் சேஃப்டி வால்வு. அது உருகிவிட்டால் அதே கம்பெனி வால்வுதான் போட வேண்டும். அரிசியோ பருப்போ, தண்ணீரும் சேர்த்துப் பாதிக்கு மேல் போகக் கூடாது. கேஸ்கட்டைச் சமைத்த உடனே கழற்றிப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். தளர்ந்த கேஸ்கட்டை ஃப்ரீசரில் வைத்து இறுக்குவது அன்றைக்கு ஒப்பேற்ற மட்டுமே, புதிது வாங்கிவிடுங்கள்.

அலுமினியக் குக்கரும் இட்லிப் பானையும் உள்ளே கறுப்பதற்குத் தண்ணீரில் உள்ள உப்புதான் காரணம். இட்லிப் பானைத் தண்ணீரில் சுண்டைக்காய் அளவு புளி அல்லது பிழிந்த எலுமிச்சை மூடி ஒன்று போட்டுவிட்டால் கறுக்காது. ஏற்கெனவே கறுத்திருந்தால் கறை மூழ்கும் அளவு தண்ணீரும் கொஞ்சம் புளியும் விட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள்.

மிக்ஸி ஜாரின் அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் கசிந்தால் பிளேடைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. சட்னியோடு அந்தக் கறுப்பும் கலக்கும். தள்ளிப்போடாமல் ஜாரைக் கடையில் கொடுத்து புஷ் மாற்றுங்கள். ஜாரை இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போடுவதுதான் அதைச் சீக்கிரம் கெடுக்கும். அரைத்ததும் பாதி ஜார் வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் விட்டு அரை நிமிடம் ஓட்டி, கழுவி, கவிழ்த்து வையுங்கள். மூடி ரப்பரின் மடிப்பில் தேங்காய்த் துகள் தங்கிப் புளித்த வாடை வரும். வாரம் ஒருமுறை அதை உருவிக் கழுவுங்கள். மிக்ஸி திடீரென நின்றால் அடியில் உள்ள சிவப்புப் பட்டனைப் பாருங்கள். பளு தாங்காமல் அது வெளியே வந்திருக்கும். அரைப்பதில் கொஞ்சம் எடுத்துவிட்டு, கால் மணி நேரம் ஆறவிட்டு அழுத்தினால் ஓடும்.

கிரைண்டரில் மாவு வழித்த கையோடு இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். அந்தத் தண்ணீரை மாவிலேயே சேர்த்துக்கொள்ளலாம், மாவு கெட்டியாக இருந்தால். குழவிகள் சுற்றும் தண்டில் காய்ந்த உளுந்து மாவு கல்லாக இறுகும். அதைத் தனியாகக் கழற்றித் தேய்க்க வேண்டும்.

பாத்திரங்கள்

அடிப்பிடித்த ஸ்டீல் பாத்திரத்தில் கரி மூழ்கத் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா. பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, இரவு அப்படியே வைத்தால் காலையில் மரக்கரண்டிக்கே ஏடாகப் பெயரும். அலுமினியத்துக்குச் சோடா கூடாது. புளித்தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்.

இரும்பு தோசைக்கல்லைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. துருப் பிடித்திருந்தால் கல்லுப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெயை மெல்லிய படலமாகத் தடவிப் புகை வரும்வரை சூடாக்குங்கள். ஆறவிட்டு மறுபடி. நாலு முறை செய்தால் கல் பழகிவிடும். ஈயச் சொம்பில் ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். அது வெள்ளீயம், 232 டிகிரி செல்சியஸிலேயே உருகும். வெறும் சொம்பு தீயில் நின்றால் கண் முன்னே ஒழுகும். கல்சட்டி சோப்பை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் வெந்நீர், கடலை மாவு, தேங்காய் நார் போதும்.

சிங்க்

சிங்க் அடைப்பது சோற்றுப் பருக்கையால் மட்டும் இல்லை. வடிகஞ்சியும் எண்ணெயும் குழாயில் சேர்ந்து ஆறி மெழுகாகப் படிவதுதான் பெரிய காரணம். பழைய எண்ணெயை ஊற்றாதீர்கள், எண்ணெய்ச் சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். தளதளவென்று கொதிக்கும் நீரை ஊற்றினால் பிவிசி குழாய் இளகி மூட்டு விடும். கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே போதும். அப்படியும் இறங்கவில்லை என்றால் ஆசிட் தேடாதீர்கள். சிங்குக்குக் கீழே புட்டி மாதிரி இருக்கும் பகுதிக்கு அடியில் ஒரு வாளியை வைத்து, கையால் திருகிக் கழற்றிக் கொட்டிக் கழுவி, வாஷர் நழுவாமல் மாட்டுங்கள். பத்து நிமிட வேலை.

கரித்துணியும் ஸ்பாஞ்சும்தான் சமையலறையிலேயே அதிக அழுக்கான பொருள்கள் என்பதை மறந்துவிடுகிறோம். மேடைக்கு ஒரு துணி, சூடான பாத்திரம் இறக்க வேறு துணி என்று பிரியுங்கள். வாரம் இருமுறை சோப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வெயிலில் காயப்போடுங்கள். ஸ்பாஞ்ச் நாறத் தொடங்கினால் தூக்கிப் போட்டுவிடுங்கள், கழுவிப் பயனில்லை.

பூச்சி

வெளிர்பழுப்பில், கழுத்தில் இரண்டு கருங்கோடுகளோடு ஓடும் சின்னக் கரப்பான்தான் சமையலறையில் குடியேறுவது. ஒரு முட்டைக் கூட்டில் முப்பது நாற்பது குஞ்சுகள் இருக்கும். அதனால் ஒரு நாள் மருந்தடித்தால் தீராது. கடையில் கிடைக்கும் ஜெல்லை மிளகு அளவில் அலமாரிக் கீல், ஃப்ரிட்ஜ் பின்புறம், சிங்க் அடி என்று பத்துப் பதினைந்து இடங்களில் வையுங்கள்; மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி வையுங்கள். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் கரப்பான் அங்கே வராது, ஜெல்லும் வீண். இரவில் சிங்க்கை ஈரமில்லாமல் துடைத்துவிட்டால் அவற்றுக்குத் தண்ணீர் கிடைக்காது. மருந்து வேகமாக வேலை செய்யும்.

அரிசி, ரவை டப்பாக்களில் பழையது மீதம் இருக்கும்போது மேலே புதிதைக் கொட்டாதீர்கள். அடியில் தங்கும் பழைய துகளில்தான் வண்டு பெருகும். டப்பாவைக் காலி செய்து, கழுவி, ஒரு பகல் முழுக்க வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு நிரப்புங்கள். ரவையை வாங்கிய அன்றே வெறும் வாணலியில் வறுத்து, கைக்குச் சூடு தெரியாத அளவு ஆறிய பிறகு மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து, ரவை கட்டி பிடிக்கும்.