மூணு தரம் சொல்றதுக்கு முன்னாடி: மாடர்ன் ஓவியமும் பிரிண்டும் ஏலத்துல வாங்குறது, விக்கிறது

ஏலத்துல ஒரு பிரிண்ட் மேல ஆசை வந்துருச்சுன்னா முதல்ல அதைத் திருப்பிப் பாருங்க. நேர்ல போக முடிஞ்சா கையில வாங்கி, முடியலன்னா பின்பக்க போட்டோ அனுப்பச் சொல்லி, எப்படியாவது அந்தத் தாளோட முதுகைப் பாத்துடணும். நான் முதமுதல்ல ஏலத்துல எடுத்தது மீரோங்கற ஸ்பெயின் ஓவியரோட ஒரு லித்தோகிராஃப், அதாவது கல்லுல வரைஞ்சு எடுத்த பிரிண்ட். ஸ்கிரீன்ல சிவப்பும் கருப்பும் பளிச்சுன்னு இருந்துச்சு, எஸ்டிமேட்டும் (இவ்வளவுக்குப் போகும்னு ஏல நிறுவனம் முன்கூட்டியே சொல்ற விலை) கைக்கு எட்டுற அளவுதான், கேட்டேன், கெடச்சுது. வந்ததும் ஃபிரேமைப் பிரிச்சா மவுண்ட் அட்டையோட ஓரம் பட்ட எடம் பூரா நாலு பக்கமும் பழுப்புக் கோடு, மார்ஜினை ஃபிரேமுக்கு ஏத்த மாதிரி வெட்டியிருக்காங்க, தாளை முழுசா ஒரு அட்டையில பசை போட்டு ஒட்டியிருக்காங்க. அந்த ஏல நிறுவனம் மறைச்சாங்கன்னு சொல்ல முடியாது, கண்டிஷன் ரிப்போர்ட் கேட்டவங்களுக்குக் குடுத்திருக்காங்க, நான் கேக்கல. அதே பிரிண்ட் முழு மார்ஜினோட, நிறம் மங்காம, பின்னாடி எதுவும் ஒட்டாம இருந்தா போற விலையில பாதிகூட இதுக்குக் கெடைக்காது.

அதனால ஒரு லாட் (ஏலத்துக்கு வர்ற பொருள்) பிடிச்சிருந்தா அன்னைக்கே கண்டிஷன் ரிப்போர்ட்டுக்கு மெயில் போடுங்க, காசு கேக்க மாட்டாங்க. அதுல தேட வேண்டியது: மார்ஜின் முழுசா இருக்கா, வெயில் பட்டு தாளோ மையோ மங்கியிருக்கா, பழுப்புப் புள்ளி இருக்கா, மடிப்பு, கிழிசல், பின்னாடி டேப், அட்டையில ஒட்டுனது. ஃபிரேமுக்குள்ள வச்சுப் பாத்தோம்னு எழுதியிருந்தா கழட்டிப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க, தயங்கவே வேணாம், வாங்குறவங்க கேக்குற சாதாரண விஷயம்தான்.

இப்ப பிரிண்டுன்னா என்னன்னு கொஞ்சம் பேசணும், ஏன்னா புதுசா வர்றவங்க அதிகமா குழம்புறது இங்கதான். பிரிண்டுன்னா ஓவியத்தோட ஜெராக்ஸ் இல்ல. கல்லுல வரைஞ்சு எடுத்தா லித்தோகிராஃப், செம்புத் தகட்டுல ஆசிட்ல அரிச்சு எடுத்தா எட்சிங், துணித் திரை வழியா மை தள்ளுனா ஸ்கிரீன்பிரிண்ட், லினோலியத்தைச் செதுக்கினா லினோகட். அந்தத் தகட்டுலேர்ந்து வர்ற ஒவ்வொரு தாளும் ஒரிஜினல்தான். எட்சிங்னா படத்தைச் சுத்தி தகடு அழுத்துன பள்ளம் இருக்கும், சாய்ச்சு வெளிச்சத்துல பிடிச்சாலே தெரியும். ஓவியத்தை போட்டோ எடுத்து அச்சடிச்ச சாதாரண ஆஃப்செட் பிரதின்னா 10 மடங்கு பெருசா காட்டுற லென்ஸை வச்சுப் பாருங்க, ஒரே சீரா வரிசை கட்டி சின்னச் சின்னப் புள்ளியா இருக்கும், பத்திரிகைப் படத்துல இருக்குமே அதே மாதிரி. கல்லுல வரைஞ்சதுல அந்த ஒழுங்கு இருக்காது, க்ரேயான் சொரசொரன்னு உரசுன மாதிரி இருக்கும். ஒரு லென்ஸ் வாங்கி பையில போட்டுக்கங்க, பிரிண்ட் பாக்குற வேலையில உங்களுக்கு முக்கியமா தேவைப்படுற கருவி அதுதான்.

கீழ பென்சில்ல 12/75ன்னு இருந்தா மொத்தம் 75ல இது 12வதுன்னு நம்பர் போட்டது, அவ்வளவுதான். சின்ன நம்பர்னா ஒசத்தின்னு சொல்றதை நம்பி கூட காசு குடுக்காதீங்க, எந்த வரிசையில அடிச்சாங்களோ அதே வரிசையில நம்பர் போட்டிருப்பாங்கன்னு ஒரு கட்டாயமும் இல்ல. ஈ.ஏ., ஏ.பி.ன்னு இருந்தா ஓவியர் தனக்குன்னு வச்சுக்கிட்ட பிரதி, எச்.சி.ன்னா விற்பனைக்கு இல்லாதது, பி.ஏ.டி.ன்னா இது மாதிரியே அடிங்கன்னு ஓவியர் ஓகே சொன்ன மாதிரித் தாள். கையெழுத்துல ரெண்டு ஜாதி இருக்கு, பென்சில்ல கையால போட்டது ஒண்ணு, தகட்டுலயே இருந்து படத்தோட சேந்து அச்சானது ஒண்ணு. கேட்லாக்ல ‘தகட்டுல கையெழுத்து’ன்னு இருந்தா அது கையால போட்டது இல்ல, அவசரத்துல படிச்சா தவறிப் போயிடும். அதே மாதிரி ஓவியர் பேருக்கு முன்னாடி ‘ஆஃப்டர்’னு ஒரு சின்ன வார்த்தை வந்தா அவரோட படத்தைப் பாத்து வேற ஒருத்தர் செஞ்சதுன்னு அர்த்தம், சாகல் பேர்ல வர்ற நிறைய லித்தோகிராஃப் சார்ல் சோர்லியேன்னு ஒரு கைதேர்ந்த கலைஞர் கல்லுல போட்டது. அழகாதான் இருக்கும், வாங்கலாம், ஆனா சாகல் தானே கல்லுல வரைஞ்சதுக்குக் குடுக்குற விலையை இதுக்குக் குடுக்கக் கூடாது.

மடிப்பைப் பாக்கவும் பழகிக்கங்க, அது நிறைய கதை சொல்லும். பிரெஞ்சு ஓவியர் மதீஸோட ‘ஜாஸ்’ங்கற படப் புத்தகம் 1947ல வந்துச்சு, 20 படம். புத்தகமா 250 பிரதி, எழுத்தே இல்லாம தனித் தாளா போட்ட போர்ட்ஃபோலியோ 100 பிரதி. புத்தகத்துலேர்ந்து வந்த பெரிய படத்துல நடுவுல மடிப்பு இருக்கும், போர்ட்ஃபோலியோவுல இருக்காது. ஒரே படம், ஒரே வருஷம், ஒரே பதிப்பாளர், அந்த ஒரு கோடு விலையை எங்கயோ கொண்டுபோய் விட்டுடும். பாரிஸ்ல மாக் கேலரி 1946லேர்ந்து 1982 வரைக்கும் போட்ட ‘தெரியேர் ல மிருவார்’ பத்திரிகையில மீரோ, சாகல், கால்டர் எல்லாரோட லித்தோகிராஃபும் வந்திருக்கு. அந்தப் பக்கத்தைக் கழட்டி ஃபிரேம் போட்டு ‘ஒரிஜினல் லித்தோகிராஃப்’னு விப்பாங்க. பொய் இல்ல, நெசமாவே லித்தோகிராஃப்தான், ஆனா கையெழுத்தும் இல்ல நம்பரும் இல்ல, ஆயிரக்கணக்குல அடிச்சது. திருப்பிப் பாத்தா பல பக்கத்துல பின்னாடி எழுத்தோ வேற படமோ அச்சாகியிருக்கும், நடுவுல மடிப்பு இருக்கும். இது தெரிஞ்சு குறைஞ்ச விலைக்கு வாங்குனா நல்ல ஆரம்பம், நானே நாலு வச்சிருக்கேன்.

தாளை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா வாட்டர்மார்க் தெரியும். வோலார்ங்கற பதிப்பாளருக்காக பிக்காசோ செஞ்ச ‘வோலார் சூட்’ங்கற தொகுப்பு 100 எட்சிங், 1930லேர்ந்து 1937 வரைக்கும் செஞ்சது, ரெகுலர் பதிப்புல தாளுக்குள்ள பிக்காசோன்னோ வோலார்னோ பேர் ஓடும். வோலார் 1939ல கார் விபத்துல செத்துட்டாரு, பிக்காசோ அதுக்கப்புறம் பல வருஷமா கொஞ்சம் கொஞ்சமா கையெழுத்துப் போட்டதால கையெழுத்து உள்ளதும் இருக்கு இல்லாததும் இருக்கு, ரெண்டும் நெசம், விலை மட்டும் வேற.

அமெரிக்க ஓவியர் வார்ஹோல் நடிகை மர்லின் மன்றோவை வச்சு செஞ்ச ‘மர்லின்’, 1967, 10 ஸ்கிரீன்பிரிண்ட், ஒவ்வொண்ணும் 250 பிரதி. கையெழுத்து முன்னாடி இருக்காது, பின்னாடி பென்சில்ல இருக்கும், நம்பரை ரப்பர் ஸ்டாம்பால குத்தியிருப்பாங்க. அதே படங்களை ‘சண்டே பி. மார்னிங்’னு ஒரு பேர்ல தனியா அடிச்சு வித்தாங்க, அதோட பின்னாடி ‘உங்க கையெழுத்தை நீங்களே போட்டுக்கங்க’ன்னு முத்திரை இருக்கும். முன்பக்கத்தை மட்டும் சின்ன போட்டோவுல பாத்தா எது எதுன்னு பிரிச்சுச் சொல்றது ரொம்பக் கஷ்டம். வார்ஹோலுக்குன்னு இருந்த அசல் சரிபாக்குற போர்டையும் மூடப்போறோம்னு 2011ல அறிவிச்சுட்டாங்க, அதனால அவர் படத்துக்குப் பழைய ரசீது, கேலரி லேபிள் எல்லாம் இன்னும் முக்கியம்.

கேன்வாஸ் ஓவியத்துக்கும் இதே கதைதான். பின்னாடி மரச்சட்டம், கேலரி லேபிள், கண்காட்சி நம்பர், பழைய ஏல ஸ்டென்சில், ஆணி பழசா புதுசா எல்லாம் பாருங்க. கேன்வாஸுக்குப் பின்னாடி இன்னொரு கேன்வாஸ் ஒட்டியிருந்தா ரிப்பேர் பண்ணிருக்காங்கன்னு அர்த்தம், ஏன் பண்ணாங்கன்னு கேளுங்க. யூவி லைட் அடிச்சா அப்புறம் தீட்டுன எடம் கருப்பா தெரியும். யார் யார் கையில இருந்துச்சுங்கற வரலாறு நடுவுல அந்து போச்சுன்னா, அதுலயும் 1933லேர்ந்து 1945 வரைக்கும் ஐரோப்பாவுல எங்க இருந்துச்சுன்னு தெரியலன்னா, விடை கெடைக்காம கை வைக்காதீங்க, நாஜிகள் பிடுங்குன ஓவியம் இன்னிக்கும் உரிய குடும்பத்துக்குத் திரும்பிப் போய்க்கிட்டிருக்கு. பெரிய பேருன்னு நம்பி விட்டுடவும் கூடாது. நியூயார்க்ல ரொம்பப் பழைய கேலரி நோட்லர், 2011ல மூடுனாங்க, அங்க ரோத்கோ, பொலாக்னு பெரிய அமெரிக்க ஓவியர்கள் பேர்ல வித்ததுல பல படம் போலி, அதுல ஒரு பொலாக்ல கையெழுத்தே எழுத்துப்பிழையோட இருந்துச்சு. அதையும் ஒருத்தர் காசு குடுத்து வாங்கியிருக்காரு, அதை நெனச்சா எனக்கு இப்பவும் மனசு ஆறல.

சரி, காசு. சுத்தியல் தட்டுற விலை நீங்க கட்டுற விலை இல்ல. அது மேல பையர்ஸ் பிரீமியம்னு, வாங்குறவர்கிட்ட ஏல நிறுவனம் எடுக்குற கமிஷன் ஒண்ணு வரும், லண்டன்ல 1975ல கிறிஸ்டீஸ், சதபீஸ்னு ரெண்டு பெரிய ஏல நிறுவனங்கள் கொண்டுவந்தது, இன்னிக்குப் பல எடத்துல 25 சதவீதத்தை ஒட்டி இருக்கு. வார்ஹோலோட நீல மர்லின் ஓவியம் 2022ல சுத்தியல் தட்டுனப்ப 17 கோடி டாலர், செய்தியில வந்தது 19.5 கோடி, நடுவுல இருக்கறதுதான் பிரீமியம். எஸ்டிமேட்ல அது சேராது, அதனால எஸ்டிமேட்டையும் செய்தியில வர்ற விலையையும் நேரடியா ஒப்பிட்டுக் குழம்பாதீங்க. பிரீமியம் போக வரி, இணையதளம் வழியா கேட்டா சில எடத்துல அதுக்குத் தனியா ஒரு சதவீதம், பேக்கிங், அனுப்புற செலவு, இன்சூரன்ஸ். ஐரோப்பாவுலயும் பிரிட்டன்லயும் ஓவியர் உயிரோட இருந்தாலோ செத்து 70 வருஷம் ஆகலன்னாலோ ஓவியருக்கோ வாரிசுக்கோ போற மறுவிற்பனை உரிமைத்தொகைன்னு ஒண்ணு உண்டு, கீழ் அடுக்குல பொதுவா 4 சதவீதம், விலை ஏற ஏற சதவீதம் குறையும், ஐரோப்பாவுல 12,500 யூரோவுக்கும் பிரிட்டன்ல 12,500 பவுண்டுக்கும் மேல போகாது. கணக்கைத் தலைகீழா போடுங்க: கையில மொத்தம் 1,000 இருந்து, அனுப்புறதுக்கு 100 ஆகும், பிரீமியம் 25 சதவீதம்னா நீங்க கேக்க வேண்டியது 720ல நின்னுடணும். அந்த நம்பரைப் பேப்பர்ல எழுதி கண்ணு முன்னாடி வச்சுக்கங்க, ஏலம் ஓடுறப்ப மனக்கணக்கு வேலை செய்யாது.

அந்த நம்பர் எங்கேர்ந்து வரும்னா பழைய ஏல முடிவுகள்லேர்ந்து. அதே ஓவியர்ங்கறது போதாது, அதே பிரிண்ட், அதே பதிப்பு, கையெழுத்து உள்ளதா இல்லாததா, கிட்டத்தட்ட அதே கண்டிஷன். ஓவியரோட பிரிண்டையெல்லாம் பட்டியல் போட்டவங்க பேர்ல ஒரு நம்பர் இருக்கும், பிக்காசோவுக்கு ப்ளோக் (Bloch) நம்பர், பேயர் (Baer) நம்பர், வார்ஹோலுக்கு ஃபெல்ட்மன்-ஷெல்மன் நம்பர், அந்த நம்பரைப் போட்டுத் தேடுனா சரியான படம் கெடைக்கும், தலைப்பை மட்டும் போட்டா அலையணும்.

ரிசர்வ்னா அதுக்குக் கீழ விக்க மாட்டேன்னு விக்கிறவர் வச்ச ரகசிய விலை, பொதுவா கீழ் எஸ்டிமேட்டுக்கு மேல வைக்க விட மாட்டாங்க. அந்த ரிசர்வ் வரைக்கும் விக்கிறவர் சார்பா ஏலம் விடுறவரே விலை ஏத்தலாம், விதிமுறையில எழுதியே வச்சிருப்பாங்க, அதனால ஆரம்பத்துல ரெண்டு மூணு பேர் போட்டி போடுற மாதிரி தெரிஞ்சா பதறாதீங்க, அங்க உங்களைத் தவிர யாருமே இல்லாமக்கூட இருக்கலாம். கூச்சமா இருந்தா எழுதிக் குடுத்துட்டு வந்துடலாம், உச்ச விலையைச் சொன்னா உங்களுக்காக முடிஞ்சவரைக்கும் குறைச்சலா எடுப்பாங்க. நான் இப்ப அப்படித்தான் பண்றேன், சூடு ஏறுறப்ப இன்னும் ஒரே ஒரு தடவைன்னு கை போறது நிக்கிது.

கேட்லாக்ல தலைப்பா போட்ட ஓவியர் பேருக்குப் பெரிய ஹவுஸ்கள், அதாவது ஏல நிறுவனங்கள், 5 வருஷம் உத்தரவாதம் தர்றாங்க, நிபந்தனை இருக்கும், படிச்சுப் பாருங்க. கண்டிஷனுக்கு அந்த உத்தரவாதம் கெடையாது.

விக்கிறதுன்னா முதல்ல எதையும் தொடாதீங்க. சுத்தம் பண்றேன், புது ஃபிரேம் போடுறேன், பழைய லேபிளைக் கிழிச்சுட்டு அழகா ஆக்குறேன்னு பண்ணுனா விலையைத்தான் குறைக்கிறீங்க. முன்னாடி, பின்னாடி, கையெழுத்து, நம்பர், அளவு, ரசீது எல்லாத்தையும் போட்டோ எடுத்து ரெண்டு மூணு ஹவுஸுக்கு அனுப்புங்க, மதிப்பு ஃப்ரீயா சொல்லுவாங்க. பெருசா எஸ்டிமேட் சொன்னவங்கதான் நல்லவங்கன்னு குடுத்துடாதீங்க, இதுலதான் நிறைய பேர் கை சுட்டுக்கிறாங்க. எஸ்டிமேட் கூடினா ஆள் வர மாட்டாங்க, வராம விக்காமப் போச்சுன்னா அந்த முடிவு எல்லாரும் தேடுற டேட்டாபேஸ்ல நின்னுடும், அடுத்த தடவை கொண்டுபோனா ‘ஏன் போகல’ன்னுதான் கேப்பாங்க, கொஞ்ச வருஷம் ஆறப் போட வேண்டியிருக்கும். எஸ்டிமேட் கொஞ்சம் தாழ்வா வச்சு, ரிசர்வை நியாயமா வச்சா ரெண்டு பேர் ஆசைப்பட்டாலே விலை தானா ஏறும். பிரிண்டை பிரிண்டுக்குன்னே நடக்குற ஏலத்துல போடுங்க, மேசை நாற்காலியோட கலந்து போடாதீங்க, தேடி வர்றவங்க அங்கதான் வருவாங்க.

கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி விக்கிறவர் கமிஷன் எவ்வளவு, போட்டோவுக்கும் இன்சூரன்ஸுக்கும் தனிக் காசா, விக்காமப் போனா ஏதாவது கட்டணுமா, நடுவுல திரும்ப வாங்கிக்கிட்டா எவ்வளவுன்னு நாலையும் எழுத்துல வாங்குங்க. கமிஷன் பேசினா குறையும், பொருள் நல்லதா இருந்தா நல்லாவே குறையும். பணம் ஏலம் முடிஞ்ச அன்னைக்கே வராது, வாங்குனவர் கட்டுனதுக்கப்புறம்தான், சாதாரணமா ஒரு மாசத்துக்கு மேல ஆகும். விக்காமப் போனா அன்னைக்குச் சாயங்காலமே ஹவுஸுக்குப் போன் பண்ணுங்க, ரிசர்வுக்குக் கொஞ்சம் கீழ கேட்டு நிறுத்துனவர் யாராவது இருந்தா ஏலத்துக்கு அப்புறமும் அவர்கிட்டப் பேசி முடிச்சுக் குடுப்பாங்க.